எழுந்திருக்காத தூக்குவாளி

ஒரு காட்டில் சடையப்பன் என்றொரு கரடி மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. தைரியத்துக்குக் குறைவில்லை, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் பழக்கமில்லை. அதற்குத்தான் கிளீனர் கிளி கீச்சான் இருந்ததே. பஸ்ஸின் முதுகில் தட்டி, "வரலாம், வரலாம்" என்று கிளி சொன்னால் கரடி ரிவர்ஸ் எடுக்கும். "ஹோல்டான்" என்றால் நிறுத்தும்.

பயணிகளுக்கு அலுக்கக் கூடாதென்று, கரடி தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிவி மாட்டியிருந்தது. நாள் முழுக்கக் கார்ட்டூன்தான். அதில் ஒரு நரிமேல் ரோடு ரோலர் ஏறும். நரி அப்பளமாகும். அடுத்த நொடியே உப்பி எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு நடக்கும். முயல்கள் சீட்டில் உருண்டு சிரிக்கும்.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் கரடி ரிவர்ஸ் கியர் போட்டது. கண் டிவியில்.

"கீச்சான், பின்னாடி பார்த்தியா?"

"வரலாம்ணே, வரலாம்." பின்கண்ணாடி வழியே கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டே கிளி தட்டியது.

டிவியில் ரோலர் ஏறியது. பஸ்ஸுக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

முயல்கள் சிரித்தன. கரடி பிரேக்கை மிதித்தது. மகள் தேனு தூக்குவாளியில் சோறு கொண்டுவரும் நேரம் அது. எப்போதும் பஸ்ஸுக்குப் பின்னால்தான் வந்து நிற்கும்.

கரடி இறங்கியது. பஸ்ஸைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனது.

பின்சக்கரத்தடியில் தூக்குவாளி தட்டையாகக் கிடந்தது. சோறெல்லாம் மண். ஒரு சாண் தள்ளி, ஒற்றைக் காலில் நின்றது தேனு. முள் குத்தியதால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து நின்று முள்ளைப் பிடுங்கியிருக்கிறது. அந்த முள் இன்னும் அதன் விரலிடுக்கில் இருந்தது.

"கிளிதான் வரலாம்னு சொல்லிச்சு" என்றது கரடி. யாரிடம் சொன்னோம் என்று அதற்கே தெரியவில்லை.

"சொன்னேன்தான்ணே," என்றது கிளி. "ஆனா ஸ்டியரிங் உங்க கையில இருந்துச்சே."

தேனு அழவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இது எப்ப எழுந்திரிக்கும்?"

பஸ்ஸுக்குள் நரி உப்பி எழுந்தது. இந்த முறை ஒரு முயலும் சிரிக்கவில்லை.

மறுநாள் டிவி இருந்த இடத்தில் அந்தத் தட்டை வாளி தொங்கியது. கிளி "வரலாம்" என்றது. கரடி கீழே இறங்கி, பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் கியரில் கை வைத்தது.

நீதி: வழி சொல்வது யாராக இருந்தாலும், பார்த்து ஓட்டும் பொறுப்பு வண்டியை ஓட்டுபவருடையதே.