ஓசூரில் நிற்காத வண்டி

நாகர்கோவிலில் ஹெல்மெட் கடை வைத்திருந்தவள் மெஹருன்னிசா. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை மோட்டார் சைக்கிளில் தனியாக இரண்டு தடவை போய் வந்தவள். வண்டிப் பைத்தியம் பிடித்த பையன்கள் அவளை விளையாட்டாக 'ஆசான்' என்று கூப்பிடுவார்கள். அருளப்பன் மட்டும் அதை நிஜமாகவே சொன்னார். அவருக்கு அவள் மகள் வயது.

அருளப்பன் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால்தான் பஸ் கிளம்பும். அத்தனை பஸ்ஸை அனுப்பி வைத்த மனிதர் எங்கேயும் போனதில்லை.

ஒரு மதியம் வண்டியைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அடுத்த வாரம் அவருடைய காஷ்மீர்ப் பயணம். ஐந்து நாளில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சபதம்.

"ஆசான், திட்டம் முடிஞ்சுது. எங்கயாவது ஓட்டை இருந்தா சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, கேப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு, பஸ் நிலையத்தில் அறிவிப்பது போல ஒப்பித்தார். மதுரையில் பெட்ரோல், டீ. சேலத்தில் பெட்ரோல், சாப்பாடு. அனந்தப்பூரில் பெட்ரோல், தூக்கம். அப்புறம் கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் என்று ஊர் ஊராக வடக்கே ஏறினார். எங்கே கை காலை நீட்டுவது, எங்கே ஒன்றுக்குப் போவது என்பது வரை அதில் இருந்தது. அந்த நேரத்துக்கு ஒன்றுக்கு வராவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மெஹருன்னிசா எழுந்து வெளியே போனாள். அவரும் பின்னாலேயே போனார்.

வண்டியின் பின்பக்கம் ஒரு வெள்ளை கேன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்ன?"

"பெட்ரோல்."

"எதுக்கு?"

"சேலத்துல போட்டா அப்புறம் அனந்தப்பூர்லதான போடுதேன். அவ்வளவு தூரம் டேங்க் தாங்காது. பெங்களூர் தாண்டி ரோட்டோரமா நிறுத்தி இதை ஊத்திக்கிடுவேன்."

"நடுவுல பங்க்கே கெடையாதா?"

"இருக்கு. பங்க்ல நின்னா நேரம் போகும்லா."

"ரோட்டோரமா நின்னு கேன்ல இருந்து ஊத்தினா நேரம் போகாதோ?"

அருளப்பன் கயிற்று முடிச்சை இழுத்துச் சரி பார்த்தார். நிமிடம் தவறாமல் பஸ் விட்டவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்காது.

அவள் கயிற்றை அவிழ்த்தாள். கேனைத் தூக்கிக்கொண்டு போய், ஓரமாக நின்ற தன் ஸ்கூட்டரில் பெட்ரோலை ஊற்ற ஆரம்பித்தாள்.

"என்ன ஆசான் செய்யுதீங்க?"

"ரெண்டு நாளா சொட்டு பெட்ரோல் இல்லாம கெடக்கு. நல்ல சமயத்துல வந்தீங்க."

கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டுக் காலிக் கேனை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப எங்க நிப்பீங்க? கிருஷ்ணகிரியிலயா?"

"வேண்டாம்."

"ஓசூர்ல?"

"ஓசூர் வேண்டவே வேண்டாம் ஆசான். அங்க கிறிஸ்துதாஸ் இருக்கான்."

 அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"டிப்போ மெக்கானிக். ரெண்டு பேருமாப் போகணும்னுதான் பேச்சு. டூட்டி முடிஞ்சா டீக்கடையில உக்காந்து இந்த ரூட்டைத்தான் பேசுவோம். அவன் வண்டி முன்னால, என் வண்டி பின்னால. ரிட்டயர் ஆனதும் கிளம்பணும்னு இருந்தோம். அதுக்குள்ள சுகர் அவன் கண்ணு ரெண்டையும் கொண்டு போயிட்டு. மகன் வந்து ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"நீங்க போறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானும் ஆசைய விட்டுட்டேன், வண்டியக்கூட வித்தாச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் மட்டும் போறேன்னு தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிருவான்." காலிக் கேனைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கத்துல பங்க் வரிசையில சும்மா நின்னா கை போனுக்குப் போயிரும்; கேன்னா கைக்கு வேலை இருக்கும். அவன் குரலைக் கேட்டா அழுதுருவேன். அவன் இல்லாம போக மனசே இல்ல ஆசான். போகாம இருக்கவும் முடியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்க்காதது போல ஸ்கூட்டர் மூடியைத் திருகினாள்.

அவர் கேட்டார்.

"காஷ்மீர் போய்ச் சேந்ததும் எப்படி இருக்கும் ஆசான்?"

"மொத தடவை போனப்ப, மலையெல்லாம் பனி. அழுகை அழுகையா வந்துது. யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. போன்ல டவர் இல்ல. பக்கத்துல ஒருத்தன் பஞ்சர் ஒட்டிட்டு இருந்தான். அவன்கிட்ட போய்த் தமிழ்லயே சொன்னேன், மதுரையில மழையில நனஞ்சதுல இருந்து எல்லாத்தையும். ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. தலையை ஆட்டிட்டே இருந்தான், பாவம். நான் முடிச்சதும் டயரைக் காட்டி, காத்து அடிக்கணுமான்னு கேட்டான்."

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"கிறிஸ்துதாஸ் அண்ணன் இப்பவும் பேசுவாரா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையானா அவனே கூப்பிட்டுருவான்."

"ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

"பெருசா என்ன இருக்கு? எந்நேரமும் ரேடியோவும் கையுமா கெடக்கான். மழை, வெயில்னு எதையாவது கேட்டுட்டு இருப்பான்."

"இந்த வாரம் என்ன கேட்டாரு?"

"நாக்பூர்ல வெயில் கொளுத்துதாமே, நெசமா மக்கான்னு கேட்டான். இங்க இருக்கவனுக்கு நாக்பூர் வெயிலு எப்படிடே தெரியும்னு சிரிச்சேன்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"ஹைதராபாத்ல மழை விட்டிருக்குமான்னு கேட்டான்."

"அதுக்கும் முன்னால?"

"கர்னூல்ல ரோடு வேலை நடக்குதாம்னு..."

அருளப்பன் நிறுத்திவிட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகப் பின்னால் போனார். அனந்தப்பூர் வந்தது. அதற்கு முந்தைய வாரம் பெங்களூர் நெரிசல்.

"ஆசான்," என்றார். 

மெஹருன்னிசா காலிக் கேனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அவரு கிளம்பி ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி. நீங்கதான் இன்னும் வண்டிய எடுக்கல."