மன்னருக்கு நோய், பிச்சாண்டாருக்குப் பத்தியம்

முன்னொரு காலத்தில், நெடுங்கரை என்னும் நாட்டைக் கோதண்டவர்மன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால், சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது தன் தகுதிக்குக் குறைவு என்று எண்ணுபவன். அந்த எண்ணம் அரசர்களிடம் மட்டுமே காணப்படுவதன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அவனுக்கு ஒரே மகள், குமுதவல்லி. தாயில்லாமல், தந்தையின் கையால் உண்டு வளர்ந்தவள். அவள் மலைநாட்டு இளவரசனைத் தானே தேர்ந்து மணந்துகொண்டாள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற சினத்தில், "இனி அவள் பெயரைச் சொல்பவர் யாராயினும் நாக்கு அறுக்கப்படும்" என்று மன்னன் ஆணையிட்டான். அந்த ஆணைக்குத் தூபம் போட்டவர் அரண்மனை அதிகாரி பிச்சாண்டார். மன்னனுக்கு நெருக்கமாக எவர் இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

சில ஆண்டுகள் சென்றன. மன்னனுக்கு உணவு இறங்காமல் போயிற்று. "தொண்டையில் ஏதோ உருண்டையாக நிற்கிறது" என்றான். அரண்மனை வைத்தியர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், நாடியையும் பார்த்தார்.

"தொண்டையில் ஒன்றும் இல்லை, அரசே."

"அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?"

வைத்தியர் சிறைக்குப் போனார். மன்னனுடைய மோதிரங்கள் விரலில் நில்லாமல் கழன்று விழத் தொடங்கின.

"இது மலைநாட்டார் வைத்த சூனியம், அரசே" என்றார் பிச்சாண்டார். "படையெடுத்து அந்த நாட்டை அழித்தால் தொண்டை தானே திறக்கும்."

பசித்தும் உண்ண முடியாதவன் எதையும் நம்புவான். படை திரட்டப் பறை அறையச் சொன்னான் மன்னன்.

அமைச்சர் கூத்தனார் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. "படை புறப்படுமுன் ஒரு வேளை தங்களோடு அமர்ந்து உண்ண விரும்புகிறேன்" என்று மட்டும் கேட்டார்.

இலை போடப்பட்டது. மன்னன் பருப்பும் நெய்யும் விட்டுச் சோற்றைப் பிசைந்தான். முதல் உருண்டையை உருட்டி, இலையின் இடப்பக்கம் நீட்டினான். அங்கே யாரும் இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. உருண்டையை இலையோரத்தில் வைத்துவிட்டான். அதன்பின் ஒரு பருக்கையும் உள்ளே இறங்கவில்லை.

அமைச்சருக்கு நோய் புரிந்தது. வாய்விட்டுச் சொன்னால் நாக்குப் போகும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் அவையில் அவர் எழுந்தார். "அரசே, பால்குடிக் குழந்தைக்கு நோய் கண்டால் என்ன செய்கிறார்கள்?"

"மருந்தைத் தாய் உண்பாள், பத்தியமும் அவளே இருப்பாள். இது தெரியாதவர் உண்டா?"

"தங்கள் நோயும் அந்த வகையே. மருந்தை வேறொருவர் உண்ண வேண்டும். அவர் யார் என்பதைத் தாங்களே வாயால் சொல்ல வேண்டும்."

மன்னன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அதற்குள் பிச்சாண்டார் முன்னே பாய்ந்தார்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரசரைத் தாயாக இருந்து பார்த்துக்கொள்பவன் நான். கொண்டு வாரும் மருந்தை!"

"கசக்குமே, பிச்சாண்டாரே."

"அரசருக்காக நஞ்சையும் குடிப்பேன்!"

"அவ்வளவு வேண்டாம். நிலவேம்பு போதும்."

பெரிய குவளை நிறையக் கஷாயம் வந்தது. குடித்தவரின் முகம் போன போக்கைக் கண்டு, அவையோர் மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்து உப்பில்லாக் கஞ்சி.

"தொண்டை திறந்ததா, அரசே?"

"இல்லை."

"இன்னொரு குவளை கொண்டு வாருங்கள்."

"அமைச்சரே, அரசருக்கு நோய் தீருமுன் நான் தீர்ந்துவிடுவேன்!"

"மருந்தில் குறையில்லை, உறவில்தான் ஏதோ குறை. நோயாளியின் கையால் சோறு உண்டவருக்கே இந்தப் பத்தியம் பலிக்கும். அரசே, இவருக்குத் தாங்கள் எப்போதாவது ஒரு வாய் ஊட்டியதுண்டா?"

"இவருக்கா? ஒருநாளும் இல்லை."

பிச்சாண்டாரின் தலை தாழ்ந்தது.

"வேறு யாருக்கு ஊட்டினீர்கள்?" அமைச்சரின் குரல் தணிந்தது. "நான் சொல்ல இயலாது, அரசே. எனக்கு என் நாக்கு வேண்டும்."

மன்னன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "குமுதா" என்றான். பிறகு, "என் குமுதவல்லி" என்றான். அவள் போன நாளிலும் அழாதவன், அவை நடுவே விம்மி அழுதான்.

"ஆணை!" என்று பிச்சாண்டார் பழக்கத்தில் கூவிவிட்டார். "பெயரைச் சொன்னவர் நாக்கு..." உடனே தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

"உண்மைதான். யாராயினும் என்பதே ஆணை" என்றார் அமைச்சர். "இப்போது இரண்டில் ஒன்றை அறுத்தாக வேண்டும், அரசே. தங்கள் நாக்கையா, அந்த ஆணையையா?"

அழுகைக்கு நடுவே மன்னனுக்குச் சிரிப்பு வந்தது. "ஆணையை அறுத்தெறியுங்கள். படை போக வேண்டாம், பல்லக்குப் போகட்டும். உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"வைத்தியரின் விடுதலை. அவர் சொன்னது சரி. தொண்டையில் ஒன்றும் இல்லை."

"பிச்சாண்டாருக்கு?"

"தாயின் இடத்தை அவரே கேட்டு வாங்கினார். மகள் வந்து சேரும்வரை உப்பில்லாப் பத்தியம் அவருடையது."

மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஆற்று வெள்ளம் வடியாமல், மகளை ஏற்றி வந்த பல்லக்கு அக்கரையிலேயே நின்றது. மன்னன் வேளைதோறும் முதல் உருண்டையை இடப்பக்கம் வைத்து, வாசலைப் பார்த்தபடியே உண்டான். கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. ஏக்கம் தீர்ந்துவிடவில்லை, ஆனால், அதைச் சொல்ல இப்போது தடையில்லை.

வானம் வெளுத்த ஒரு பகலில் குமுதவல்லி வந்தாள். நேரே மன்னனின் இலைக்கு இடப்பக்கம் அமர்ந்தாள். மன்னன் பிசைந்த சோற்றில் கண்ணீர் விழுந்தது. ஊட்டினான். அவள் மென்று விழுங்கினாள்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல், அப்பா."

"சமையற்காரர்மேல் குற்றமில்லை, அம்மா."

பந்தியின் கோடியில், இளைத்துப்போன பிச்சாண்டார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னன் அதைக் கண்டான். இன்னோர் உருண்டை உருட்டினான்.

"இங்கே வாரும், பிச்சாண்டாரே. கையை நீட்டும்."

அவர் வந்து வாங்கி வாயிலிட்டார். அதில் உப்பு இருந்தது; ஆயினும் உடனே விழுங்க முடியவில்லை. தொண்டையில் ஏதோ நின்றது.