வளையாத அம்பு

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் ராஜாவுக்கு வில் என்றால் உயிர். ஒருநாள் தளபதி கடம்பராயர், கடல் கடந்து வந்த வில் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். கொம்பும் மரமும் நரம்பும் சேர்த்து ஒட்டிய கூட்டு வில். பழைய மூங்கில் வில்லைப் போல இரு மடங்கு பலம்.

ராஜா ஆசையோடு எய்தார். அம்பு பாம்புபோல நெளிந்து, இலக்கை விட்டு விலகி மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிக்கொண்டது. எய்த பத்து அம்புகளும் அப்படியே போயின.

"வில்லில் குறையில்லை, மகாராஜா. அம்பு செய்யும் மாசாணன் மட்டமான தண்டுகளைக் கொடுத்திருக்கிறான்" என்றார் தளபதி.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கொஞ்சமும் வளையாத அம்பு மூன்றாம் நாள் காலை இங்கே வர வேண்டும். இல்லையேல் அவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்!"

"பாவம், மகாராஜா, பிள்ளைகுட்டிக்காரன்" என்றார் அரசவை விகடர் செவ்வந்தியப்பர்.

விகடரிடம் ராஜா காட்டிய பிரியம் தளபதிக்கு வெகுநாளாகக் கண்ணை உறுத்தியது. "அவ்வளவு இரக்கம் இருந்தால் அந்த அம்பை விகடரே கொண்டுவரட்டும். முடியாவிட்டால் அவரும் கூடவே போகட்டும்" என்றார். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

செவ்வந்தியப்பர் நேரே மாசாணன் பட்டறைக்குப் போனார். மாசாணன் கண்கலங்கினான்.

"அது பழைய வில்லுக்குச் செஞ்ச அம்புங்க. நாண் தள்ளுற வேகத்துல தண்டு கொஞ்சம் வளைஞ்சு நிமிரணும். ரொம்ப வளைஞ்சா ஒரு பக்கம் போயிரும், விறைப்பா இருந்தா மறுபக்கம் போயிரும். புது வில்லை ஒரு தடவை இழுத்துப் பாத்தா எந்தத் தண்டுன்னு சொல்லிருவேன். தளபதி தொடவே விடலியே!"

"சரி, பலவித விறைப்பில் ஏழு அம்பு செய்து வை. ராஜா கேட்டதை நான் கொண்டுபோகிறேன்" என்றார் விகடர்.

மூன்றாம் நாள் காலை சபை கூடியது. செவ்வந்தியப்பர் மூச்சிரைக்க ஒரு கடப்பாரையைத் தோளில் சுமந்து வந்தார். அதன் பின்னால் மூன்று மயிலிறகு கட்டியிருந்தது.

"எய்யுங்கள், மகாராஜா."

ராஜா அதை நாணில் பொருத்தி இழுத்தார். கடப்பாரை இரண்டடி தள்ளித் தொப்பென்று விழுந்தது. தளபதி துள்ளிக் குதித்துக் காலைக் காப்பாற்றிக்கொண்டார்.

"என்ன விளையாட்டு இது?"

"வளையாத அம்பு கேட்டீர்கள், மகாராஜா. இது இம்மியும் வளையாது. இலக்கைத் தொட வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லையே!"

ராஜாவின் மீசை துடித்தது. "இலக்கைத் தொடும் அம்பு எது?"

"எனக்குத் தெரியாது. தெரிந்தவன் வாசலில் நிற்கிறான். வில்லை ஒருமுறை அவன் கையில் கொடுங்கள்."

மாசாணன் ஏழு அம்புகளோடு உள்ளே வந்தான். வில்லைக் கையில் வாங்கினான். நாணை இழுத்துப் பார்த்தான். ஏழு அம்புகளையும் ஒவ்வொன்றாக இரண்டு கல்லின்மேல் வைத்து, நடுவில் ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று குனிந்து பார்த்தான். ஐந்தாவதை நீட்டினான்.

ராஜா எய்தார்; அது இலக்கின் ஓரத்தில் தைத்தது. "இன்னும் கொஞ்சம் விறைப்பு வேணும், சாமி" என்று ஆறாவதைக் கொடுத்தான். அது நட்டநடுவில் போய் நின்றது.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார் ராஜா.

"வில்லைத் தொடக் கூடாதுன்னு தளபதி உத்தரவுங்க."

கடம்பராயர் தலை தாழ்ந்தது. "இனி எந்தப் புது வில் வந்தாலும் நீரே இவன் பட்டறைக்குச் சுமந்து போக வேண்டும்" என்று அவருக்கு ஆணையிட்ட ராஜா, விகடரிடம் திரும்பினார். "உமக்கு என்ன வேண்டும்?"

"தங்கள் பல்லக்கு, மகாராஜா. இவன் மனைவி பேச்சியக்காள் பிள்ளைகளோடு விடியும்போதே எல்லையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள்."

ராஜாவின் முகம் சுருங்கியது. உடனே பல்லக்கை அனுப்பினார்.

மதியம் பல்லக்கு திரும்பியது. உள்ளே அம்மிக்கல்லும் பானைகளும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பேச்சியக்காள் பின்னால் நடந்து வந்தாள்.

"நீ ஏனம்மா ஏறவில்லை?" என்றார் ராஜா.

"நான் நடந்துக்குவேன் சாமி, அம்மி நடக்காதே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசாணனை ஆயுதசாலைக்குத் தலைவனாக்கினார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பருக்குப் போட்டுவிட்டு, அம்மியை வீட்டில் இறக்கிவைக்க ஆளையும் அனுப்பினார்.