தொண்ணூறு நிமிட விருந்து

செண்பகவல்லிக்கு நாற்பத்தொரு வயது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலைகளில் தியானம் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் படிப்பவர்களில் மூத்தவர் வைரக்கண்ணு. வயது அறுபத்து மூன்று. நாலு வருடமாக மூச்சைக் கவனிக்கிறார். கோபம் மட்டும் மூக்கு நுனியை விட்டு இறங்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் அவர் கேட்டார்.

"டீச்சர், கோபத்த வச்சுக்கிட்டு அந்த ஆளு எதிர்லயே எப்படி உக்கார்றது?"

"எந்த ஆளு?"

"என் தம்பி உத்திராபதி. பதினோரு வருஷமா பேச்சு இல்ல. என் பொண்டாட்டி செத்தப்ப மலேசியாவுல ஜொகூர்லேருந்து வந்தான். எப்ப வந்தான்? மண்டாய் சுடுகாட்டுல எரிச்சு முடிச்சப்புறம். கேட்டா, எல்லைப் பாலத்துல ஜாமாம். இப்ப ஃபோன் பண்றான். இன்னிக்கு மத்தியானம் கொரியாக் கடையில சாப்பிடலாம், நீங்க வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேங்கிறான்."

"போகணும்னு இருக்கா?"



"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"வாங்க. நானும் வரேன்."

கடை பேரங்காடியின் மூன்றாம் தளத்தில் இருந்தது. மலிவு விலை. வேண்டிய மட்டும் சாப்பிடலாம், ஆனால் தொண்ணூறு நிமிடத்துக்குள் எழுந்துவிட வேண்டும். பச்சை இறைச்சியை நாமே எடுத்துவந்து, மேசை நடுவே பதித்த அடுப்பில் நாமே சுட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து மேசைகளில் ஆட்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ரெண்டு துண்டு போடுவதும் எடுப்பதும் பேசுவதுமாக இருந்தார்கள்.

இவர்கள் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். பன்னிரண்டேகாலுக்குத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. பாலத்தில் ஜாம்.

வைரக்கண்ணுவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பாத்தீங்களா! அதே பொய். புதுசா ஒரு பொய் சொல்லக்கூட அவனுக்கு வக்கில்ல."

எழுந்து போனார். கோழி மூன்று தட்டு, கணவாய் மீன் இரண்டு தட்டு எடுத்துவந்து அத்தனையையும் அடுப்பில் கவிழ்த்தார். செண்பகவல்லி சைவம். லெட்டூஸ் இலையில் சோற்றை வைத்து மடித்துத் தின்றுகொண்டே கேட்டார்.

"அவர் இன்னும் வரலையே?"

"எங்க வீட்டுல, விருந்தாளி வாசல மிதிக்கறதுக்கு முந்தியே எல்லாம் தயாரா இருக்கணும். வர்றவன் எதிரியா இருந்தாலும் சரி."

நல்ல வழக்கம்தான். பாவம், மனிதர் அதைத் தப்பான கடையில் கொண்டுவந்து இறக்கினார்.

கோழியை இடுக்கியால் புரட்டிப் புரட்டிப் பேசினார். தம்பி வந்ததும் என்ன கேட்பது, அவன் அதற்கு என்ன சொல்வான், அதற்கு இவர் என்ன போடு போடுவது என்று எல்லாம் முடிவாகியிருந்தது. தம்பியின் பங்கைத் தம்பியின் குரலிலேயே பேசினார்.

"'பஸ்ஸு நகரல அண்ணே'ம்பான். உன் பஸ்ஸுக்காக அவ பொணம் காத்துக் கெடக்கணுமாடான்னு கேப்பேன். 'நான் என்ன பண்றது'ம்பான். நீ ஒண்ணும் பண்ண வேணாம், எந்திரிச்சுப் போடாம்பேன்."

"போயிருவாரா?"

"போவான். ரோஷக்காரன்."

"அப்புறம்?"

அப்புறத்துக்கு அவரிடம் வசனம் இல்லை. அந்த ஆத்திரத்தில் இன்னொரு தட்டுக் கணவாயைக் கொண்டுவந்து கொட்டினார். புகை கிளம்பியது. பணிப்பெண் ஓடிவந்து தீயைக் குறைத்தபோது அந்தப் பெண்மேலும் எரிந்து விழுந்தார். கணவாய் செருப்பு வார் மாதிரி சுருண்டது. கோழி கருகியது. எல்லாவற்றையும் வழித்து, தம்பிக்காக வைத்திருந்த தட்டில் குவித்தார்.

"இதத் தின்னட்டும். மணி ஒண்ணாச்சு. இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். எந்திரிங்க டீச்சர்."

"எனக்குச் சோறு மிச்சம் இருக்கு," என்றார் செண்பகவல்லி. இன்னோர் இலையை எடுத்து, அவசரமில்லாமல் மடித்தார்.

டீச்சரை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல் வைரக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செண்பகவல்லி பணிப்பெண்ணை அழைத்து, மன்னிப்புக் கேட்டு, கரிபிடித்த சுடுதட்டை மாற்றச் சொன்னார். பிறகு எழுந்து போய், ஒரு தட்டுப் பச்சைக் கோழியைத் தானே எடுத்துவந்து வைத்தார்.

வைரக்கண்ணு உடனே இடுக்கியை நீட்டினார். செண்பகவல்லி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. வெந்து தயாரா இருக்க வேணாமா?" என்றார் வைரக்கண்ணு.

செண்பகவல்லி கருகிய குவியலைக் காட்டினார்.

"அதுவும் தயாராத்தான் இருக்கு, அண்ணே."

இப்போது கோபம் டீச்சர்மேல் திரும்பியது.

"நாலு வருஷமா உங்ககிட்ட வந்து கண்ண மூடிக்கிட்டு உக்காந்ததுக்கு இதுதான் பலனா? நக்கல் பண்ணத்தான் கூட வந்தீங்களா?"

செண்பகவல்லி இன்னோர் இலையில் சோற்றை வைத்தார்.

ஒன்று பத்துக்கு உத்திராபதி உள்ளே வந்தார். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காராமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பஸ்ஸு நகரல அண்ணே."

வைரக்கண்ணு விருட்டென்று எழுந்தார். ஒரு மணி நேரமாகத் தீட்டிவைத்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"எறங்கி நடந்தே வந்துட்டேன்," என்றார் தம்பி. "அன்னிக்கே நடந்திருக்கணும். பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருந்தேன்."

இந்தப் பேச்சைத் தம்பி பேசுவான் என்று வைரக்கண்ணு எண்ணியிருக்கவில்லை. கோபம் போய்விடவில்லை.  திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

செண்பகவல்லி பச்சைக் கோழித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆள் வந்தாச்சு. இப்ப அடுப்புல வைங்க."