லாமா பேச்சைக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில், ஆண்டீஸ் மலையில் கழுகும் நரியும் சுமை தூக்கும் லாமா என்ற விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பனிமுகட்டுக்குக் கீழே ஓர் ஊர் இருந்தது. கடல் தாண்டி வந்த பண்ணைக்காரன் ஒருவன் அந்த ஊர் மொழியை யாரும் பேசக்கூடாதென்று தடுத்தான். பிள்ளைகளைத் தன் வீட்டு வேலைக்குக் கொண்டுபோனான். அப்படிப் போனவள்தான் பங்காரா. வளர்ந்து திரும்பி வந்தபோது ஊர்ப்பேச்சு அவளுக்குப் பாதி மறந்திருந்தது. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தான் எங்கே பிறந்தோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ஒரு வருஷம், மேய்ச்சல் மலையும் அதன் ஊற்றும் தன்னுடையவை என்றான் பண்ணைக்காரன். வழக்கு விசாரிக்க வந்த அதிகாரி, மலையில் உள்ள இடங்களின் பேரெல்லாம் யாருக்குத் தெரிகிறதோ அவர்களுக்கே மலை என்றார். அறுவடை முடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போனார்.

பங்காரா வீடுவீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்திக்கு ஒரு பாறையின் பேர் தெரிந்தது. இன்னொருவருக்குத் தாலாட்டில் வரும் ஓர் ஓடையின் பேர். எல்லாம் துண்டு துண்டாகக் கிடைத்தன, ஒன்றோடொன்று சேரவில்லை. கழுகோ, தான் பறக்கும் உயரத்தில் எந்தப் பேரும் காதில் விழுந்ததில்லை என்றது. கடைசியில் அவள், ஊராரோடு காலங்காலமாக உப்பு மூட்டை சுமந்து நடந்த லாமாவிடம் வந்தாள்.

"எல்லா இடத்தின் பேரும் எனக்குத் தெரியும். நடக்கும்போது உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டே வருவார்கள்" என்றது லாமா. "ஆனால் எங்கள் இனம் முழுவதற்கும் சேர்த்தே கொஞ்சம் பேச்சுதான் கொடுத்திருக்கிறது. இந்தப் பேர்களையெல்லாம் சொன்னால் அது தீர்ந்துபோகும்."

பங்காராவுக்கு மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை. அதன் கழுத்தைத் தடவிவிட்டுத் திரும்பினாள். லாமா எழுந்து அவளை முந்திக்கொண்டு மலையேறத் தொடங்கியது.

ஊரே பின்னால் நடந்தது. ஒவ்வோர் இடத்திலும் லாமா பேரைச் சொல்லும். அந்தப் பேர் எப்படி வந்ததென்று கூட்டத்தில் யாராவது நினைவுகூர்வார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் அதன் குரல் கம்மிவிட்டது. "குழந்தை சிரித்த மேடு" என்றது, காதில் விழுந்தும் விழாமலும்.

கிழங்கு பயிரிடும் இல்யா பங்காராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் குழந்தை நீதான். இங்கேதான் பிறந்தாய். நீ முதன்முதலாகச் சிரித்ததும் இங்கேதான். இந்த மேட்டுக்கு உன் அம்மா வைத்த பேர் அது."

பங்காரா அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். லாமா அவள் தோளில் முகத்தை வைத்தது. ஏதோ சொல்ல வந்தது. ம்ம் என்ற முனகல் மட்டுமே வந்தது.

அதிகாரி வந்த நாளில் ஊரார் தங்கள் மொழியிலேயே பேர்களை வரிசையாகச் சொன்னார்கள். பண்ணைக்காரனுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. மலை ஊருக்கே நின்றது. பங்காரா சிவப்புக் கம்பளி நூலைக் குஞ்சமாகத் திரித்து லாமாவின் காதில் கட்டினாள். இத்தனை காலம் கேட்டு வைத்திருந்த காது அது.

அன்று முதல்தான் லாமாக்கள் பேசாமல் ம்ம் என்று முனகுகின்றன. அந்த மலை மக்களும் அவற்றின் காதில் வண்ண நூல் கட்டி, ஊரோடு சேர்ந்து எல்லை சுற்றி வந்து, ஒவ்வோர் இடத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.