மிட்டாதார் பொறுக்கிய எட்டுக் காசு

கரூர் ஆற்று மணலில் கிடைத்த ஒன்பது ரோமாபுரிப் பொற்காசுகளை வாத்தியார் மருதாசலம் கண்ணாய்க் காத்துவந்தார். பார்க்க வந்த, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார், "ஒன்பதும் ஒரே ராசா மூஞ்சி! உமக்கு ஒண்ணு போதும். எட்டை உருக்கி என் சம்சாரத்துக்கு ஒட்டியாணம் பண்ணப்போறேன்" என்றார்.

வீடு கூட்டும் பொன்னாத்தா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "எட்டை நானே எடுத்துத் தரட்டுங்களா சாமி?"

"நீ மட்டமானதைத் தள்ளிவிடுவே! நானே பார்த்து எடுக்கிறேன்." மிட்டாதார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதிலே மூக்குத் தேஞ்சிருக்கு. இதிலே ஒரு எழுத்துக் குறையுது. இது ஓரம் வெட்டினது..."

"எல்லாம் ஒண்ணுன்னீங்களே, அப்புறம் எதைச் சாமி பொறுக்கறீங்க?"

மிட்டாதார் காசுகளை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்போது யார் பார்க்க வந்தாலும், "பொன்னாத்தா, நீயே காட்டு" என்கிறார் வாத்தியார். அவளும் நிமிர்ந்து நின்று, "இது மூக்குத் தேஞ்ச ராசா. மிட்டாதாரே கண்டுபிடிச்சது" என்றுதான் ஆரம்பிப்பாள்.