காரி பட்டினி கிடந்த காலம்

நாள், கிழமை என்றெல்லாம் எதுவும் ஏற்படாத காலத்தில், சுழலி என்றொரு விண்மீன் மண்டலம் இருந்தாள். அவளுடைய நடுவீட்டில் காரி என்ற கருந்துளை குடியிருந்தான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பசியை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்த வீட்டில் சமையலுக்கு ஒரே சரக்குதான், வாயு. குளிர்ந்து திரண்டால் விண்மீன் பிறக்கும். நடுவீட்டுப் பக்கம் வழிந்தால் காரிக்குச் சாப்பாடு. சாப்பிட்டவன் சும்மா இருப்பானா? அனலாகப் பெருமூச்சு விடுவான். அது பட்ட வாயு சூடேறி ஓரத்துக்குச் சிதறும். சுழலி ஒரு சுற்று பெருத்தால் காரியும் ஒரு பிடி பெருப்பான். இரண்டு பேரும் அப்படியே சேர்ந்து வளர்ந்து வந்தார்கள்.

ஓரத்தில் முகிலி என்றொரு வாயு மேகம் இருந்தாள். அவளுக்கு ஒரு குழந்தை வேண்டும். சின்னதாக, மஞ்சளாக, நெடுநாள் வாழ்கிற ஒன்று போதும். பாவம், அவள் திரளத் தொடங்கும்போதெல்லாம் காரியின் மூச்சு வந்து கலைத்துவிடும். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினாள்.

நீலனுக்கு அது போதுமாக இருந்தது. பெரிய நீல விண்மீன் அவன், வாயும் பெரிசு. தின்பதும் காரி, ஊதிக் கெடுப்பதும் காரி என்று கிளப்பிவிட்டான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? எல்லோரும் சேர்ந்து நடுவீட்டுக்குப் போகிற வாயுவை மறித்தார்கள். முகிலியும் கூட நின்று மறித்தாள். காரி சண்டைக்கு வரவில்லை. சரி, பசியோடு கிடக்கிறேன் என்றதோடு அடங்கிவிட்டான்.

அப்புறம் பார்க்கணுமே கூத்தை. மூச்சு நின்றதும் எங்கும் குளிர்ந்தது. திரும்பிய பக்கமெல்லாம் பிரசவம். பிறந்ததெல்லாம் நீலனைப் போலவே குண்டு குண்டு விண்மீன்கள். வந்த வேகத்தில் அள்ளி அள்ளி எரித்துவிட்டு வெடித்துப் போயின. நீலனும் ஒருநாள் அப்படியே போய்ச் சேர்ந்தான். வாயு தீர்ந்துகொண்டே வந்தது, நிறுத்தத்தான் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில், முகிலி திரண்டு முடிப்பதற்குள், உள்ளே இருந்தவர்கள் அவள் முந்தானையிலேயே கை வைத்தார்கள். புதுக் குழந்தைகளுக்கு அவளுடைய வாயு வேண்டுமாம். இழுத்த இழுப்பில் பெரும்பகுதி போயிற்று. இன்னும் இழுத்தால் ஒரு பொட்டு விண்மீன்கூட அவளுக்குத் தங்காது. பயந்து போய் நடுவீட்டு வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரு தடவை மூச்சு விடுங்க. என்னை மிச்சம் வைக்க மாட்டாங்க போலிருக்கு."

திட்டித் தீர்த்தவள் அண்ணே என்றது அதுதான் முதல் தடவை.

"விடலாம் தாயி. சாப்பிட்டாத்தானே மூச்சு வரும்?" என்றான் காரி.

முகிலிக்குப் புரிந்தது. மிஞ்சியிருந்த முந்தானையில் பாதியைக் கிழித்தாள். அவளுக்கே அது பத்தாது. ஆனாலும் கொடுத்தாள்.

காரி உண்டான். மூச்சு விட்டான். இழுத்த கைகளெல்லாம் விட்டன. எங்கும் சூடேறி, பிரசவக் கூத்து அடங்கியது. சுழலிக்குப் பின்னாளுக்கென்று கொஞ்சம் வாயு மிஞ்சியது. முகிலியோ அந்த மூச்சு தள்ளிய தள்ளில் சுழலியின் கடைசி வளைவில் போய் விழுந்தாள். எல்லாம் போச்சு என்று அழுதாள். ஆனால் அங்கே அவளை இழுக்க ஆளில்லை. ஆற அமரக் குளிர்ந்தாள், திரண்டாள். மஞ்சளாக ஒன்று பிறந்தது.

அதற்கப்புறம் காரியின் சாப்பாட்டை யாரும் மறிக்கவில்லை.

பிள்ளை கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, நடுவில் இருட்டாக இருப்பது யார் என்பதுதான். உன் தாய்மாமன் என்றாள் முகிலி.

"அப்ப காது குத்தும்போது அவர் மடியிலதானே உக்காரணும்? போகட்டுமா?"

முகிலி பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சாமி. இங்கேருந்தே சுத்தி வா. நீ சுத்தி வர்ற இந்த இடம் பூரா அவர் மடிதான்."